வாசலில் சொன்னது உள்ளே போகவேணும்

முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'உப்புக்குளம்' என்று இருக்கிறது. கண்ணால் பார்க்கிறோம். தேடல் பெட்டியில் அதே சொல்லைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை. 'மன்னார்' என்று தட்டினோம், அதுவும் இல்லை. 'சங்கம்' என்று தட்டினோம். அந்தக் கோப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் சங்கம் இருக்கிறது, ஆனால் கணினிக்கு ஒரு சங்கமும் தெரியவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது உப்புக்குளத்தில், எங்கள் கூட்டத்து நண்பி ஒருத்தியின் வீட்டு விறாந்தையில். மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த் தீவில் இருந்தும் சனம் கடல் வழியாகக் கல்பிட்டிப் பக்கம் போனது பலருக்கும் தெரிந்த வரலாறு. சாமான் எதையும் பெரிதாகக் கொண்டுபோக விடாத அந்த நேரத்திலும் வாப்பாட உம்மா இந்தப் பெட்டியை விடவில்லையாம். நகை இருந்திருக்கும் எண்டு நினைப்பீங்கள். இருந்தது 1980களில் அச்சடித்த கடற்றொழிலாளர் சங்கமொன்றின் ஆண்டறிக்கைகள், இரண்டு பாடசாலை மலர்கள், கொஞ்சம் கையெழுத்துக் கடிதங்கள். பெட்டி புத்தளத்தில் பல வருசம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

நண்பியின் வாப்பாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். அவருடைய நாநாவின் பெயர் அங்கத்தவர் பட்டியலில் எங்கே, எந்த வருசத்திலிருந்து இருக்கிறது? முந்நூறு பக்கத்துக்கு மேல். "அதுதான் கம்பியூட்டர் தேடித் தருமே" என்று வாக்குக் குடுத்தவர்கள் நாங்கள்தான்.

பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பார்த்தபோதுதான் விசயம் பிடிபட்டது. 'ப' இருந்த இடத்தில் ஆங்கில யூ. 'ட' இருந்த இடத்தில் எல். 'ம' இருந்த இடத்தில் எல்லும் டியும் ஒட்டிக்கொண்டு. சுழி வந்த இடமெல்லாம் இலக்கம். மென்பொருள் தமிழை ஆங்கிலமாக வாசித்திருக்கிறது. பாவம், அது தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. 'ட' உண்மையிலேயே எல் மாதிரித்தானே இருக்கிறது.

இதில் பயங்கரம் என்னவென்றால், வெளியில் பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஸ்கேன் செய்த பக்கத்தின் படம் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துப் படலம் போடப்படும். தேடுவதும் பிரதி எடுப்பதும் அந்தப் படலத்திலிருந்துதான். மேலே தமிழ், கீழே குப்பை. யாராவது தேடிப் பார்க்கும்வரை அது குப்பை என்று ஒருவருக்கும் தெரியாது. தேடிப் பார்த்தவரும் 'இந்தப் பெயர் இதில் இல்லையாக்கும்' என்று போய்விடுவார்.

இந்த வேலைக்கு நாங்கள் பாவித்தது ஓசிஆர்மைபிடிஎப் என்ற இலவச மென்பொருள். பெயர் ஒன்று, உள்ளே ஆள் பல. பக்கத்தைத் துப்புரவாக்க அன்பேப்பர் என்று ஒன்று. எழுத்தை வாசிக்க டெசராக்ட். பிடிஎப் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட். ஒவ்வொன்றும் தனியாக, வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் எழுதியவை. டெசராக்ட் 1985இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2018இல் வந்த நாலாம் பதிப்பு நரம்புவலை முறையில் வாசிக்கிறது. ஓசிஆர்மைபிடிஎப் இவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி வேலை வாங்குகிற மேசன் மாதிரி. நாங்கள் கதைப்பது மேசனிடம் மட்டும்தான்.

கதைக்கிறது எப்படி? கட்டளை வரியில். மென்பொருளின் பெயரை எழுதி, பின்னால் சில சொற்களைச் சேர்த்து எழுத வேண்டும். அந்தச் சேர்ப்புச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஆர்கியுமெண்ட் என்று பெயர். நேரே தமிழாக்கினால் 'வாதம்'. பட்டிமன்றக் கோஷ்டியான எங்களுக்கு அந்தச் சொல் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் வாதம் என்றால் கை கால் இழுத்துக்கொள்கிற வருத்தம். ஆகவே ஆர்கியுமெண்ட் என்றே எழுதுகிறோம். கட்டளைகளையும் வாசிக்கிற ஓசையில் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கோ.

எங்கள் முதல் கட்டளையில் இருந்தது உள்ளே போகிற கோப்பின் பெயர், வெளியே வருகிற கோப்பின் பெயர், அவ்வளவுதான். மொழி சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஆங்கிலம் என்று அது எடுத்துக்கொள்ளும். கைநூலில் அது தெளிவாக எழுதியிருக்கிறது, வாசிக்காதது எங்கள் பிழை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்காமலே மொழியைத் தீர்மானித்துவிட்டு, 'வேற வேணுமெண்டால் நீதான் சொல்லவேணும்' என்பது இந்த நாட்டில் எங்களுக்குப் புதுக் கதை இல்லை. 1956இலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய பிறகும், சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமாவது வாசிக்கக் குடுக்கிற ஆட்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

சரி, சொல்லிப் பார்த்தோம். மொழிக்கு உரிய ஆர்கியுமெண்ட் ஒரு சின்னக் கோடும் எல் என்ற எழுத்தும். அதற்குப் பிறகு இணையத்தில் தமிழைக் குறிக்கிற டி, ஏ என்ற இரண்டெழுத்தைப் போட்டோம். அந்த மொழிக்குத் தரவு இல்லை என்று நின்றுவிட்டது. டெசராக்டுக்குத் தமிழ் என்றால் மூன்றெழுத்து: டி, ஏ, எம். வலைப்பக்கத்தில் ஒரு பெயர், வாசிக்கிற இடத்தில் இன்னொரு பெயர். மூன்றெழுத்தைப் போட்டதும், தமிழ்த் தரவுப் பொதியைத் தனியாக இறக்கச் சொன்னது. இறக்கினோம். அதுக்குப் பிறகுதான் அந்த விறாந்தையில் முதன்முதலாக 'உப்புக்குளம்' என்று தேட, 'உப்புக்குளம்' வந்தது. வாப்பா எழும்பி வந்து பார்த்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, தமிழ் என்று நாங்கள் சொன்னது மேசனிடம். மேசனுக்குத் தமிழ் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவன் அந்தச் சொல்லைப் பிரிக்காமல், மாற்றாமல், வாசிக்கிறவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் அவனுடைய வேலை. கொழும்பில் இருக்கிற மச்சானுக்குக் கருவாட்டுப் பொதியை பஸ்ஸில் குடுத்துவிடும்போது கண்டக்டருக்குக் கருவாட்டைப் பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை. பொதியில் எழுதிய பெயர் அழியாமல் போய்ச் சேர்ந்தால் காணும்.

பல பாகங்கள் சேர்ந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. இருக்கிற தீர்வுகளும் பழையவை. சி மொழி படிக்கிற நண்பர்களைக் கேளுங்கள். அவர்கள் பாவிக்கிற ஜிசிசி தனி ஆள் இல்லை. அது கம்பைலரையும் அசெம்பிளரையும் லிங்கரையும் வரிசையாகக் கூப்பிடுகிற ஒரு வாசல். லிங்கருக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், கோடு போட்டு, டபிள்யூ எல் என்று எழுதி, ஒரு கமா வைத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கமாவுக்குப் பிறகு வருவதை ஜிசிசி தனக்கென்று எடுக்காது, லிங்கரிடம் குடுத்துவிடும். வலைத்தளம் செய்கிறவர்களின் என்பிஎம்மில் வெறும் இரண்டு கோடுகளை இடையில் போட்டால், அதற்குப் பின்னால் வருகிறதெல்லாம் உள்ளே ஓடுகிற நிரலுக்கு. 'இது உனக்கில்லை, உள்ளுக்குக் குடு' என்று சொல்ல ஒரு குறி இருந்தால் போதும்.

எங்களுக்கு இது வலித்துத்தான் விளங்கியது. ஆண்டறிக்கைகளைப் புத்தகம் விரித்தபடி ஸ்கேன் பண்ணியிருந்தோம், ஒரு படத்தில் இரண்டு பக்கம். துப்புரவாக்குகிற அன்பேப்பருக்கு 'இது இரட்டைப் பக்கம்' என்று சொல்ல வேண்டும். அதற்கு அன்பேப்பரிடம் 'லேஅவுட் டபிள்' என்று ஒரு ஆர்கியுமெண்ட் இருக்கிறது. மேசனிடம் நேரே அதைச் சொன்னால் அவனுக்கு விளங்காது. ஆகவே 'அன்பேப்பர் ஆர்க்ஸ்' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் சொல்வதெல்லாம் அன்பேப்பருக்குப் போகும். சந்தோசமாக எழுதினோம். பிழை காட்டி நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்த பிறகு பார்த்தால், மேற்கோள் குறி போடவில்லை. 'லேஅவுட் டபிள்' என்ற இரண்டு சொல்லையும் ஒரே பொதியாகக் கட்ட மேற்கோள் குறி வேண்டும். கட்டாவிட்டால், லேஅவுட் என்பது தனக்கு வந்த சொல் என்று மேசன் நினைத்துக்கொள்கிறான். தனக்கு அப்படியொரு சொல் தெரியாதே என்று திகைக்கிறான். கலைப்பீடத்தில் மேற்கோள் குறி விட்டால் திருட்டு என்பார்கள். இங்கே விட்டால் கடிதமே போகாது.

இன்னொரு நல்ல விசயமும் அதில் இருக்கிறது. அன்பேப்பருக்குக் குடுக்கிற பொதிக்குள் கோப்புப் பெயர், கோப்புறைப் பாதை எதையும் வைக்க விடமாட்டார்கள். வைத்தால் வாசலிலேயே மறிப்பார்கள். உள்ளே இருக்கிறவனைக் கொண்டு வேறு கோப்பில் யாரும் கை வைத்துவிடக் கூடாதல்லவா. அதாவது, சொல்லை உள்ளே விடுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுவது இல்லை. எதை விடுவது, எதை மறிப்பது என்று யோசித்து, மறித்தால் மறித்தேன் என்று சொல்வது. எங்களுக்கு இந்த ஒழுங்கு பிடித்திருக்கிறது.

இனி எங்கள் பெரிய பிழை. வரிகள் துண்டு துண்டாக வருகிறதே என்று இணையத்தில் தேடினோம். டெசராக்டுக்குப் பக்கத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்ல ஒரு எண் இருக்கிறது, 0 இலிருந்து 13 வரை. ஆறு போடுங்கோ, வடிவா வரும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். டெசராக்டை நேரே கூப்பிட்டால் இதற்குப் பெயர் பிஎஸ்எம், மேசன் வழியாகச் சொன்னால் வேறொரு நீளமான பெயர். அதையும் கண்டுபிடித்து, பிழையில்லாமல் எழுதி, ஆறைப் போட்டோம். சொல் போய்ச் சேர்ந்தது. எழுத்தும் முன்னையதைவிட வடிவாகத்தான் வந்தது.

ஆறு என்றால் 'இந்தப் பக்கம் முழுக்க ஒரே பத்தி' என்று அர்த்தம். எங்கள் படத்திலோ இரண்டு பக்கம். இடது பக்கத்தின் முதல் வரியை வாசித்து, நடுக்கோட்டைத் தாண்டி, வலது பக்கத்தின் முதல் வரியை அதோடு ஒட்டி வாசித்துக்கொண்டே போயிருக்கிறது. ஒரு வருசத்து அறிக்கையில் இடது பக்கம் அந்த ஆண்டு காலமான அங்கத்தவர்கள். வலது பக்கம் புதிதாகச் சேர்ந்தவர்கள். நாநாவின் பெயரைத் தேடினோம், வந்தது. எழுத்துக் கோப்பில் அது 'காலமானோர்' என்ற தலைப்பின் கீழ் நின்றது.

நண்பி வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். வாப்பா, "இல்லையே மகள், நாநா புத்தளத்துக்கு வந்துதானே மௌத்தானார்" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தபடியால் பிழைத்தோம். பக்கத்தின் படத்தைப் பார்த்ததும் எங்களுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் தெரியாத ஒருவர், இன்னும் இருபது வருசம் கழித்து, படத்தைப் பார்க்காமல் எழுத்துக் கோப்பை மட்டும் எடுத்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினால்? உயிரோடு இருந்த ஒரு மனுசனை ஆறு என்ற ஒரு இலக்கத்தால் சாகடித்திருப்போம். (தீர்வு என்னவென்று கேட்கிறீர்களா? படங்களை நடுவில் வெட்டி ஒற்றைப் பக்கமாக்கினோம். ஐந்து நிமிட வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.)

இவ்வளவும் நடந்த பிறகு, கணினித்துறையில் படிக்கிற ஒரு நண்பன் எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு வலைப்பக்கம் செய்து தந்தான். ஒரே ஒரு பொத்தான். கோப்பைப் போடு, அமத்து, எடு. உள்ளே ஓடுவது அதே ஓசிஆர்மைபிடிஎப்தான். தமிழும் ஆங்கிலமும் சேர்த்து அவனே உள்ளே எழுதிவிட்டான். முதலில் எங்களுக்குக் கொண்டாட்டம். பேந்து ஒரு மலரில் சிங்களத்தில் வாழ்த்துச் செய்தி வந்தது. டெசராக்டுக்குச் சிங்களமும் தெரியும், சக குறி போட்டு மூன்று மொழியையும் சேர்த்துச் சொன்னால் வாசிக்கும். ஆனால் எங்கே சொல்வது? பொத்தானுக்குக் காது இல்லை. அவனைக் கேட்டோம். "உங்களுக்கு ஏன் அந்தத் தலையிடியெல்லாம், ஆர்ட்ஸ் ஆக்களுக்கு இது காணுமடா" என்றான்.

எங்கள் கருத்து இதுதான், அவனுக்கும் சொன்னோம், இங்கேயும் சொல்கிறோம். பொத்தான் இருக்கட்டும். ஆனால் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் நாங்கள் சொல்ல விரும்புவதைச் சொல்லி அனுப்ப முடிய வேண்டும். 'இவங்களுக்கு இது தேவைப்படாது' என்று மூடுகிறவர், எதிர்காலத்தில் என்ன பத்திரம் எந்த மொழியில் வரும் என்று தனக்குத் தெரியும் என்று நினைக்கிறார். எங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது. பழைய அச்சில் 'ணை', 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து நிற்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் எங்கள் பக்கத்து அச்சுக்கூடங்கள் கொஞ்சக் காலம் பழைய எழுத்தையே கோத்தன. அந்த வளைவுகளில் டெசராக்ட் அடிக்கடி தடுக்கி விழுகிறது. நாளைக்கு யாராவது பழைய எழுத்துக்கென்று தனியாகப் பழக்கிய தரவு செய்தால், அதைப் பாவி என்று சொல்ல எங்களுக்கு வழி வேண்டுமா வேண்டாமா?

'கூகிளில் போட்டால் உதைவிட வடிவா வருமே' என்று கேட்கிறவர்களுக்கு: உண்மை. எங்கள் கண்ணால் பார்த்த அளவில் தமிழுக்கு அது பல நேரம் டெசராக்டைவிடச் சுத்தம். தமிழ் விக்கிமூலத்தில் கூகிளின் எழுத்துணரியை வைத்து ஏராளமான புத்தகங்களை எழுத்தாக்கியிருக்கிறார்கள். அச்சுப் புத்தகத்துக்கு அது நல்ல வழி, நாங்களும் பாவிப்போம். ஆனால் இந்தப் பெட்டியில் இருப்பது ஊர் ஆட்களின் பெயர், விலாசம், யார் யாருக்குக் கடன். அதைத் தூரத்துச் சேவகக் கணினி ஒன்றுக்கு அனுப்பலாமா என்று பட்டியலில் இருக்கிற குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டு முடியும்வரை எங்கள் மடிக்கணினி, எங்கள் டெசராக்ட்.

கலைப்பீட நண்பர்களிடம் ஒன்று. அடிக்குறிப்பில் காற்புள்ளி பிழைத்தால் புள்ளி வெட்டுகிற உலகத்தில் இருக்கிறோம். ஆனால் எழுத்துணரியால் எடுத்த பந்தியை, எப்படி எடுத்தோம் என்று ஒரு வரி கூடச் சொல்லாமல் மேற்கோள் காட்டுகிறோம். எந்த மொழி சொன்னோம், பக்கம் பிரிக்க என்ன எண் குடுத்தோம், எந்தப் பதிப்பு என்பது பந்தியையே மாற்றிவிடும் என்பதைக் 'காலமானோர்' எங்களுக்குக் காட்டிவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பக்கத்தை வாசிக்க 180 செக்கனுக்கு மேல் எடுத்தால், ஓசிஆர்மைபிடிஎப் அந்தப் பக்கத்தை வாசிக்காமலே படமாக வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். திரையில் ஒரு வரி எச்சரிக்கை ஓடும். முந்நூறு பக்கம் ஓடுகிற இரவில் அதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? அந்த நேர எல்லையைக் கூட்டவும் ஒரு ஆர்கியுமெண்ட் இருக்கிறது. எங்கள் பழைய கணினியில் கூட்டத்தான் வேண்டியிருந்தது.

ஆகவே இப்போது ஒவ்வொரு பிடிஎப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைக்கிறோம். அதில் நாங்கள் தட்டிய கட்டளை முழுதாக, திகதியோடு, என்ன எச்சரிக்கை வந்தது என்பதோடு. நூலகம் போன்ற எண்ணிம நூலகங்கள் 2005இலிருந்து எங்கள் ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டு வருகின்றன. எங்கள் பெட்டியும் ஒருநாள் அப்படியோர் இடத்துக்குப் போனால் அந்தச் சின்னக் கோப்பும் கூடவே போக வேண்டும் என்று நினைக்கிறோம். யாராவது நாளைக்கு வந்து, 'இவங்கள் ஏன் ஆறு போட்டவங்கள்' என்று எங்களைத் திட்டட்டும். திட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு ஆதாரம் இருக்கும்.

நண்பன் தன் வலைப்பக்கத்தைத் திருத்திவிட்டான். பொத்தானுக்குக் கீழே 'மேலதிகம்' என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதில் எழுதுகிறதெல்லாம் அப்படியே உள்ளே போகிறது, கோப்புப் பெயர் எழுதினால் மட்டும் மறிக்கிறது. மொழிப் பெட்டியில் மூன்று மொழியும் இருக்கிறது, எதுவும் முன்கூட்டித் தெரிவு செய்யப்படவில்லை. தெரிவு செய்யாமல் அமத்தினால் ஓடாது, 'என்ன மொழி?' என்று கேட்கும். அதற்காக அவனுக்கு நண்டுக் கறியோடு ஒரு பகல் சாப்பாடு குடுத்தோம்.

நாநாவின் பெயர் நாலு அறிக்கைகளில் இருக்கிறது. ஐந்தாவதில் பாதி எழுத்து புழு தின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை வாப்பா தானே பார்த்துச் சொல்கிறேன் என்றார், கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்து. பெட்டியின் அடியில் இருக்கிற கையெழுத்துக் கடிதங்களை டெசராக்டால் வாசிக்க முடியாது. அவற்றுக்கு ஒரு கட்டளையும் இல்லை. வருகிற சனிக்கிழமை முதல் நாங்கள் ஆளுக்குப் பத்தாகப் பிரித்து, பார்த்துத் தட்டப் போகிறோம்.